மாடு முட்டிய வடு

பணி அனுபவம் எழுதத் தலையில் கொஞ்சம் நரை வேண்டும் என்பார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. இடமாற்றம்தான் வந்திருக்கிறது. அடுத்த மாதம் இந்த வைத்தியசாலைக் கதிரையில் உங்களில் ஒருவர் இருக்கப்போகிறார். அதன் இடது கை ஆடும், சாய்ந்துவிடாதீர்கள். திருத்தித் தரும்படி கேட்டுக் களைத்துவிட்டேன்.

மருந்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிடப் புதிதாகப் படித்து வருகிறீர்கள். கேள்வி கேட்பதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். இந்த ஊரில் ஒரு கேள்வியைப் புத்தகத்தில் இருக்கிறபடியே கேட்டால், அதற்குப் பதில் வரும். ஆனால் அது கேள்வி கேட்ட உங்களுக்கான பதிலாக இருக்காது.

என் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போகிறவர். கரவெட்டிப் பக்கத்துச் சனம் என் அறைக்குள் வந்தால் முதலில் வருத்தத்தைச் சொல்லாது, "நீங்கள் ஆற்றை மோன்?" என்றுதான் கேட்கும். அப்பாவின் பெயரைச் சொன்ன பிறகுதான் நாக்கை நீட்டிக் காட்டும். ஆரம்பத்தில் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போக, எனக்குக் கிடைத்த பட்டத்தைவிட அந்தப் பதில்தான் கூடுதலான கதவுகளைத் திறக்கிறது என்று விளங்கியது. சில கதவுகளை அதுவே மூடிவிடும் என்பதும் விளங்கியது.

செல்வரத்தினம் அண்ணை அப்படி வந்தவர்தான். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓடியவர். அறுபதைத் தாண்டிய பிறகும் ஆள் இல்லாத நாட்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய பஸ்ஸின் மிதிபலகையில் நான் தொங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நான் அவரை அண்ணை என்பேன். அவருக்கு நான் தம்பி. மற்றவர்களுக்கு முன்னால் மட்டும் "தம்பி டொக்டர்."

அன்று வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தம்பி, அந்த பி.எஸ்.ஏ. எண்ட ரத்தத்தை ஒருக்கா எடுத்து விடுங்கோ. நான் கெதியா வெளிக்கிடவேணும்."

"இருங்கோ அண்ணை. ஏன் இந்த அவசரம்?"

"கனடாவிலை எங்கடை மூத்தவர் மோசம் போனவரெல்லே. உந்த வருத்தம்தான். முள்ளந்தண்டுக்குப் போனாப்பிறகுதான் பிடிச்சவங்கள்."

கனடாவில் இறந்த அண்ணனுக்கு வந்த புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைச் சொன்னார். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் இவருக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. ஆகவே சோதிக்கக் கேட்டதில் நியாயம் இருந்தது. என்றாலும் உடனே ஊசியை எடுக்காதீர்கள். இரத்தம் எடுக்க ஒரு நிமிடம் போதும்; எடுப்பதற்கு முன் கதைக்கிற கதைதான் பரிசோதனை. நான் சொன்னேன்: "இது வருத்தத்தைச் சொல்லாது அண்ணை, சந்தேகத்தைத்தான் சொல்லும். கூடியிருந்தால் கான்சர் எண்டுமில்லை. குறைஞ்சிருந்தால் இல்லையெண்டுமில்லை. கூடியிருந்தால் பேந்து ஸ்கான், பயொப்சி எண்டு இழுத்துக்கொண்டு போகும். கண்டுபிடிச்சாலும் சிலது ஒண்டும் செய்யாமல் கடைசி மட்டும் உங்களோடையே கிடக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பஸ்ஸிலை ஸ்ரேறிங்குக்கு முன்னாலை சிவப்பு லைற் எரியிற மாதிரி எண்டுறியள்."

"ஓம், அதேதான்."

"அது எரிஞ்சால் எஞ்சின் போச்சுதெண்டில்லை. வயர் உரஞ்சினாலும் எரியும். ஆனா நிப்பாட்டி இறங்கிப் பாக்கத்தான் வேணும். சரி, எடுங்கோ."

அதற்குப் பிறகு நான் அந்த உதாரணத்தைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். நீங்களும் சொல்லலாம், அவர் கோபிக்கமாட்டார்.

ஆனால் அன்றைக்கு எடுக்கவில்லை. சைக்கிளில் வந்திருந்தார். அந்த இரத்தம் எடுக்கிறதற்கு முன் இரண்டு நாட்கள் சைக்கிள் ஓடாமல் இருப்பது நல்லது. இருக்கை அழுத்தினால் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அதைச் சொன்னேன்.

"பஸ் ஓடலாமோ?"

"ஓடலாம்."

"பேந்தென்ன."

"அந்த ரெண்டு நாளும், அண்ணை, வீட்டிலை அக்காவோடையும் சேராமல்..."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"தம்பி, உங்கடை அப்பரோடை ஒண்டாயிருந்து கள்ளுக் குடிச்சனான் நான். உந்தக் கதையள் உங்களோடை கதைக்கேலாது."

"கதைக்க வேண்டாம் அண்ணை. விளங்கினதெண்டு தலையை ஆட்டினால் காணும், அது போதும் எனக்கு."

ஆட்டினார். வெளியே போகும்போது கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

இரத்தத்தில் அளவு கூடியிருந்தது. சலம் சோதித்தோம், சிறுநீரில் கிருமி இல்லை. சில கிழமைகள் விட்டுத் திரும்ப எடுத்தோம்; அப்போதும் இறங்கவில்லை. சுரப்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எதிரில் இருந்த நாட்காட்டியை வாசித்துக்கொண்டிருந்தார். சுரப்பியின் ஒரு பக்கம் எனக்குச் சற்று இறுக்கமாகப் பட்டது. எழும்பும்போது, பெல்ற் கட்டுகிற இடத்தில், முதுகுப் பக்கமாக ஒரு வடு தெரிந்தது. பெருவிரல் நுனியை வைத்தால் இருக்கக்கூடிய ஒரு குழி. சுற்றிவரத் தோல் சுருங்கியிருந்தது.

"இதென்ன அண்ணை?"

"அது சின்னனிலை மாடு முட்டினது."

கேள்வி முடிய முதலே பதில் வந்துவிட்டது.

மாடு முட்டியவர்களை இந்த அறையில் நான் நிறையக் கண்டிருக்கிறேன். பனைமட்டை வெட்டியவர்களையும், மதிலில் இருந்து விழுந்தவர்களையும் கண்டிருக்கிறேன். நீங்களும் காண்பீர்கள். எங்கள் பக்கத்து மாடுகள் உண்மையில் அவ்வளவு பொல்லாதவை அல்ல. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வடுவைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை. ஒருவர் மூடி வைத்திருப்பதை, தேவையில்லாமல் திறக்கிற உரிமை வைத்தியருக்கும் இல்லை. சட்டையை இறக்கிவிடச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் அவரைப் பார்த்துவிட்டு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கட்டும் என்றார். முன்பு என்றால் நேரே பயொப்சிதான். இப்போது வசதி கிடைத்தால் படத்தை முதலில் பார்க்கலாம். சந்தேகமான இடம் தெரிந்தால் ஊசியை அங்கேயே செலுத்தலாம்; சிலருக்கு ஊசியே தேவைப்படாமலும் போகலாம். நாள் கிடைக்கச் சுணங்கியது. கிடைத்த நாளுக்கு முதல் நாள், என்னுடைய கடிதத்தை வாங்கிப் போவதற்காக வந்தார். அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்காவும் கூட வந்திருந்தார்.

எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தெரியும்.

"உடம்பிலை இரும்பு, கம்பி, பேஸ்மேக்கர், ஏதும் இருக்கோ அண்ணை?"

"ஒண்டுமில்லை."

"முந்திக் காயப்பட்டு உள்ளுக்கை ஏதும் கிடக்கோ?"

"ஒண்டுமில்லை எண்டுறன். அவங்களும் போனிலை கேட்டவங்கள். இல்லையெண்டு சொல்லிப்போட்டன். எழுதித் தாங்கோ தம்பி, போவம்."

நான் அந்த வடுவை நினைத்தேன். பேனை கடிதத்தின் மேல் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "இல்லை" என்று எழுதினால் கடிதம் சரி, என் மேலும் பிழை இல்லை. அவரே இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு ஒன்று பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தால், அது அசைகிற அசைவே ஆளை முடித்துவிடலாம். சந்தேகத்தை மட்டும் வைத்து நான் அந்த நாளை நிறுத்தினால், திரும்ப நாள் கிடைக்க எவ்வளவு காலமோ தெரியாது; அண்ணனைக் கொண்டுபோன வருத்தம் அதுவரை உள்ளே என்ன செய்யுமோ அதுவும் தெரியாது. மனைவிக்கு முன்னால் "நீங்கள் பொய் சொல்லுறியள், எக்ஸ்றே எடுத்துப் பாப்பம்" என்றால், எழும்பிப் போவார். போய், நாளைக்கு அதே "ஒண்டுமில்லை"யோடு அந்தக் காந்தத்துக்குள் படுத்துவிடுவார்.

கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது: "என்ன, உள்ளுக்கை பாய் போட்டுப் படுத்திட்டினமோ?" இன்னொன்று: "றைவர் எல்லே போனவர். ஆள் ஏத்திக்கொண்டு நிக்கிறார் போல."

அவர் ஏன் இல்லை என்கிறார் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் ஓடிய அந்த வீதியில் போர்க்காலத்தில் எத்தனை இராணுவச் சோதனைச் சாவடிகள் இருந்தன என்று உங்களில் இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். வடு தெரிந்தால், சண்டையில் பட்டதோ என்ற சந்தேகத்தில், எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்ற கேள்வி வரும். பதில் தடுமாறினால் பஸ் அங்கேயே நிற்கும். றைவர் திரும்பி வராமலும் போகலாம். அவர் ஒவ்வொரு நாளும் போய்த் திரும்ப வேண்டிய ஆள். ஆகவே ஒரு மாட்டைக் கண்டுபிடித்து, தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொண்டார். உயிரைக் காத்துத் தந்த பதிலை ஒருவர் என்னுடைய ஒரு கடிதத்துக்காக மாற்றமாட்டார். நான் கேட்ட கேள்வி வைத்தியசாலையின் கேள்வி என்பது எனக்குத் தெரியும். அவருடைய காதுக்கு அது சாவடியின் கேள்வியாகத்தானே விழும்?

பேனையை மூடி வைத்தேன்.

"அண்ணை, நாளைக்கு நீங்கள் படுக்கப்போற மிசின் வெறும் காந்தம். அதுக்கு ஆர் எவர் எண்டு தெரியாது. ஏன் வந்தது, எங்கை பட்டது எண்டும் கேக்காது. உள்ளுக்கை இரும்பு கிடந்தால் இழுக்கும், அவ்வளவுதான். அதுக்குக் கதை சொல்லித் தப்பேலாது."

அவர் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"என்ரை அப்பாவின்ரை தோளிலையும் ஒரு வடு இருக்கு. திருக்கை குத்தினதெண்டுதான் எங்களுக்குச் சொன்னவர். நான் டொக்டருக்குப் படிக்கேக்கைதான் யோசிச்சனான், தண்ணிக்கை நிக்கிற ஆளுக்குத் திருக்கை காலிலையெல்லே குத்தும், தோளிலை என்னெண்டு ஏறிக் குத்தினதெண்டு."

பரமேஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கேட்டனியளே?"

"கேக்கேல்லை அக்கா. பேந்தொரு நாள் சளிக்கு நெஞ்சு எக்ஸ்றே எடுத்தம். படத்திலை தோளடியிலை சின்னன் ஒண்டு பளிச்செண்டு வெள்ளையாய்த் தெரிஞ்சுது. நானும் பாத்தன், அவரும் பாத்தார். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. 'சளி எப்பிடி?' எண்டார். 'பரவாயில்லை' எண்டன்."

நான் செல்வரத்தினம் அண்ணையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன்:

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் அண்ணை. தலையை ஆட்டினால் காணும்."

அவர் தலையை ஆட்டவில்லை. கடைக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்குப் பயம் சாவடியும் இல்லை, நானும் இல்லை என்று.

"ஆட்டுங்கோவனப்பா," என்றார் அக்கா. "எனக்குத் தெரியாதெண்டே இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"என்ன தெரியும் உமக்கு?"

"எங்கடை ஐயா மாடு வளத்தவர். மாடு முட்டினால் தோல் கிழியும். உப்பிடிக் கிண்டி எடுத்த மாதிரிக் குழி விழாது. கலியாணம் முடிச்ச மாசமே எனக்குத் தெரியும்."

"பேந்தேன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"முப்பது வரியமாயோ?"

"எனக்கென்ன அவசரம்?"

செல்வரத்தினம் அண்ணை என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, தலையை ஆட்டினார். வெளியே காத்திருந்த சனத்துக்கு எங்கள் மேல் இன்னும் கோபம் வந்திருக்க வேண்டும்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. வீதியில் ஷெல் விழுந்தது, வாய்க்காலுக்குள் படுத்தார், ஒரு துண்டு உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் அதை எடுக்க வசதி இல்லை. காயம் ஆறியது, துண்டு தங்கிவிட்டது. "மாரியிலை கொஞ்சம் விறைக்கும். மற்றும்படி அது தன்ரை பாட்டுக்குக் கிடக்கு," என்றார். உள்ளே இரும்போடு இருக்கிறவருக்கு வேலை பறிபோகும் என்று நினைத்து அக்காவின் வீட்டார் பெண் தரமாட்டார்களோ என்ற பயத்தில் அந்த மாட்டை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார். பிறகு திருப்பி அவிழ்த்துவிடச் சந்தர்ப்பம் வரவில்லை.

உடனே யாழ்ப்பாணத்தில் எம்.ஆர்.ஐ. பார்க்கிற கதிரியக்க நிபுணருக்குப் போன் எடுத்தேன். முதலில் எக்ஸ்றே எடுத்துக் காட்டும்படி அவ சொன்னா. எங்கள் வைத்தியசாலையிலேயே எடுத்தோம். இடுப்பு எலும்பின் உட்பக்கமாக, ஒரு நகத்தளவில், விளிம்பு கிழிந்த வெள்ளைத் துண்டு. படத்தைப் போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டு நிபுணர் சொன்னா:

"இந்த இடத்திலை ரத்தக்குழாய் போகுது. நான் இவரை ஏத்தமாட்டன். ஏத்தினாலும் நாங்கள் பாக்கவேண்டிய பக்கத்தை அந்த இரும்பு கறுப்பாய் மறைச்சுப்போடும். அவரை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்த நேரத்துக்கு வேறை ஆளைக் கூப்பிடுறன். எப்பிடிக் கண்டுபிடிச்சனியள்?"

"மனிசி மாடு வளத்த வீட்டுப் பிள்ளை," என்றேன். அவவுக்கு விளங்கியிருக்காது.

ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே துண்டு இருக்கிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்றில்லை. தசைக்குள் ஆபத்தில்லாத இடத்தில் கிடக்கிற துண்டோடு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஏற்றலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறவர் படம் பார்க்கிற நிபுணர். உண்மை அவருடைய கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் எங்கள் வேலை. பெரிய இயந்திரங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. அந்த உண்மை எங்கள் ஆடுகிற கதிரைக்கு முன்னால்தான் வந்து இருக்கும்.

அதோடு முடியவில்லை. அண்ணைக்கு ஒரு மனக்குறை வந்துவிட்டது.

"அப்ப எனக்குப் பெரிய மிசின் இல்லையோ? சின்ன மிசினாலைதான் பாக்கப்போறியளோ?"

அவருடைய பஸ்ஸையே உதாரணம் காட்டினேன். பிரதான வீதி அடைத்திருந்தால் உள்ளொழுங்கையால் போவதில்லையா? ஊரை அறிந்த றைவர் என்றால் அதுவும் யாழ்ப்பாணத்துக்குத்தான் போய்ச் சேரும். எம்.ஆர்.ஐ. இல்லாமல், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே சத்திரசிகிச்சை நிபுணர் பயொப்சி எடுத்தார். முடிவு வரும்வரை அக்கா சன்னதி முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டார். நான் நேரவில்லை, ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. புற்றுநோய் இருந்தது. ஆனால் சிறியது, மெதுவாக வளர்கிற வகை. வெட்டி எடுக்கலாம், கதிர்ச் சிகிச்சை செய்யலாம். இரண்டுக்கும் சலத்திலும் மற்ற விஷயங்களிலும் கொடுக்க வேண்டிய விலை உண்டு. இந்த நிலையில் உடனே ஒன்றும் செய்யாமல், ஒழுங்காகச் சோதித்துக்கொண்டு, அசைந்தால் மட்டும் இறங்குவது நல்லது என்று நிபுணர் சொல்லியிருந்தார். இருவரும் அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார்கள்.

"அவர் சொன்னது விளங்கினது தம்பி. எண்டாலும் நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ."

இது உங்களுக்கு அடிக்கடி நடக்கும். பெரிய இடத்தில் கேட்டதை எங்கள் வாயால் இன்னொரு தரம் கேட்க வருவார்கள். அதை நேரவிரயம் என்று நினைக்காதீர்கள். முடிவு எடுபடுகிற இடம் அதுதான். ஆனால் அண்ணனை இதே வருத்தத்துக்குக் கொடுத்த மனிதரிடம், "உள்ளே கிடக்கட்டும், பார்த்துக்கொண்டிருப்போம்" என்று எப்படிச் சொல்வது? மூத்தவருக்குப் பிந்திப் பிடித்தது, உங்களுக்கு முந்திப் பிடித்திருக்கிறோம் என்று தொடங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருதரம் இரத்தம், தேவைப்பட்டால் திரும்ப பயொப்சி என்று அடுக்கிக்கொண்டு போனேன். அவர் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"தம்பி டொக்டர், அந்த இரும்பை உள்ளுக்கை வச்சுக்கொண்டுதானே இவ்வளவு காலமும் பஸ் ஓடினனான். அதோடை இதையும் வச்சுப் பாத்துக்கொள்ளத் தெரியாதே எனக்கு?"

"இதுக்கும் மாடு முட்டினதெண்டு கதை கட்டாட்டில் சரி," என்றார் அக்கா.

"இல்லையப்பா. இந்த முறை உமக்குத்தான் முதல் சொன்னது."

இதுவரை எடுத்த இரத்தங்களில் அளவு ஏறவில்லை. அடுத்ததற்கு அவர் வரும்போது நான் இருக்கமாட்டேன். இந்தக் கதிரையில் நீங்கள் இருப்பீர்கள். முதலில் நீங்கள் யாருடைய பிள்ளை என்று கேட்பார், சொல்லுங்கள். சைக்கிளில் வந்தாரா என்று கேளுங்கள். வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள், கொஞ்சம் ஏசுவார், பரவாயில்லை. அக்காவையும் உள்ளே வரச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளைப் பற்றிய மற்றக் கேள்விக்கு வாய் திறக்கமாட்டார். அவர் தலையை ஆட்டினால் காணும்.